சங்கங்களுக்குப் பஞ்சமில்லை

கன்னியாகுமரி ஜில்லாவில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. மீனவர் சங்கம், விவசாயிகள் சங்கம், ரப்பர் பால் வெட்டுவோர் சங்கம். இவை போதாவென்று ஜாதிக்கொரு சமுதாய சங்கம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், ஒரு முத்திரை, ஒரு மகஜர். ஆனால் ஒருவர் மகஜரில் மற்றொருவர் கையெழுத்திடுவது மாத்திரம் அபூர்வம்.

2017 நவம்பர் 30-ந் தேதி அடித்த ஓகிப் புயல் ஜாதி மதம் விசாரித்ததா? கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. மேட்டிலே வாழையும் ரப்பரும் சாய்ந்தன. காணாமற் போனவர் எத்தனை பேரென்று சர்க்காருக்கு ஒரு கணக்கு, கடற்கரைக்கு ஒரு கணக்கு. டிசம்பர் 7-ந் தேதி கடற்கரை ஜனங்கள் குழித்துறையில் ரயிலை மறித்தார்கள். ஒரே புயலில் அழுத இவ்விரு கூட்டத்தாருக்கும் நிலையான ஒரு பொது ஸ்தாபனம் இன்றைக்கு உண்டா என்று கேட்கிறோம்.

இல்லாததற்குக் காரணம் 1982 மண்டைக்காடு. பகவதியின் பேராலும் ஏசுவின் பேராலும் மேட்டாரும் கடற்கரையாரும் மோதினார்கள். மார்ச் 1-ந் தேதி போலீசாரின் குண்டுக்கு ஆறு பேர் மாண்டார்கள். இரு கடவுள்களுக்கும் ஒரு சேதமுமில்லை.

நிற்க, கூடி வேலை செய்வது நமக்குப் புதிதென்று யாரும் சொல்ல வேண்டாம். நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்குள் இருந்தபோது, 1932-ம் வருஷத்துச் சட்டசபைச் சீர்திருத்தம் தங்களை ஏய்த்ததென்று ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒரே காங்கிரசாய்ச் சேர்ந்து ஓட்டுப் போட மறுத்தார்கள். அதற்கு 'நிவர்த்தனம்' என்று பெயர். (ஒத்துழையாமை என்றால் ராஜத்துரோகமாகிவிடுமாம், சமஸ்கிருதமும் ஒரு நாள் உதவிற்று!) எவரும் தம் மதத்தை விடவில்லை, தம் சங்கத்தைக் கலைக்கவில்லை. ஜனத்தொகைக்குத் தக்க பங்கு என்ற ஒரு கோரிக்கையில் மாத்திரம் மாறாது நின்றார்கள். கோழஞ்சேரிப் பிரசங்கத்துக்காக 1935-ல் ஈழவரான சி. கேசவன் கைதானார். அவர் விடுதலையாகி வந்ததும் நடந்த வரவேற்புக்குத் தலைமை வகித்ததால் கிறிஸ்தவரான டி.எம். வர்கீஸ் சட்டசபை உபதலைவர் பதவியையே இழந்தார். பலன் என்னவெனில், 1936-ல் உத்தியோக நியமனத்துக்குப் பப்ளிக் சர்வீஸ் கமிஷனர் வந்தார். 1937 தேர்தலில் ஸ்தானங்களும் கிடைத்தன.

"சேர்ந்தால் எங்கள் தனித்தன்மை போய்விடும்" என்கிறார்கள் நம் தலைவர்கள். போவது தனித்தன்மையல்ல, மாலையும் நாற்காலியுந்தான். ஆகவே சங்கத்துக்கு இரண்டு பேர் வீதம், பூசாரியும் பாதிரியும் இல்லாமல், நாகர்கோவிலில் கூடட்டும். புயல் நஷ்டஈடு, காணாமற் போனவர் கணக்கு, கடன் தள்ளுபடி இம்மூன்றுக்கும் ஒரே மகஜர் எழுதட்டும். கையெழுத்திட மறுக்கும் தலைவர் யாரென்று அந்தந்தச் சங்கத்து அங்கத்தினர்களே அடுத்த மகாசபையில் கேட்கட்டும்.