மண்ணைப் பாராத வரைபடம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் சிறு வீடு கட்டும் பலர் கட்டடக் கலைஞரைத் தேடிப் போவதில்லை. கைப்பேசியில் கிடைத்த ஆயத்த வரைபடத்தைக் கொத்தனாரிடம் காட்டிக் கடைக்கால் தோண்டச் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் அரசு ஒதுக்குவது 3.5 லட்சம் ரூபாய். எழ வேண்டியது 360 சதுர அடி வீடு. இதில் வடிவமைப்புக் கட்டணத்துக்கு எங்கே இடம்?

ஆனால் திருமயத்துப் பாறைத் தரைக்குப் போதுமான அடித்தளம் கண்மாயோரக் களிமண்ணுக்குப் போதாது. மழையில் உப்பி, கோடையில் சுருங்கும் அந்த மண் சுவரையே பிளந்துவிடும். 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கிப் பகுதிகளில் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. எங்கோ வரைந்த தாள் அந்தக் காற்றைக் கணக்கில் எடுத்திருக்குமா? மேற்கு வெயில் எந்த அறைச் சுவரில் விழும் என்பதும் அதற்குத் தெரியாது.

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள்ளான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று அளித்தாலே உடனடி அனுமதி கிடைக்கிறது. வரவேற்கிறோம். அலைச்சல் குறைந்தது, ஆனால் கட்டுமுன் மனையை நேரில் பார்க்கும் கண்ணும் போயிற்று.

எனவே 13 ஊராட்சி ஒன்றியங்களிலும் வாரம் ஒரு நாள், பொறியாளர் ஒருவர் வரைபடத்தையும் மனையையும் கட்டணமின்றிப் பார்த்துத் திருத்தம் சொல்ல மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.