பெட்டிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

ஒசூரிலிருந்து ராயக்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது உத்தனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்து பேசும் ஊர். ஒரு புறம் தக்காளித் தோட்டம். மற்றொரு புறம் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ்கள். இந்த வட்டாரத்தில் செல்போன் உறுப்புகள் செய்யும் ஆலைகூட வந்துவிட்டது. கச்சேரி கேட்க வேண்டுமானால் மட்டும் பெங்களூருக்கோ சென்னைக்கோதான் போக வேண்டும். ஆகவே, இங்குள்ள சங்கீதப் பிரியர்கள் கச்சேரியை வீட்டுக்கே வரவழைக்கப் பார்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் எப்படி வரவழைக்கிறார்கள் என்பதில்தான் சங்கடம்.

சென்ற மாதம் அவ்வூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் இளைஞர். இரண்டு வருஷ ஓவர்டைம் பணத்தையும் தீபாவளி போனஸையும் சேர்த்து, பெங்களூரில் ஒரு கடையில் வால்வு ஆம்ப்ளிபையர் ஒன்றும், இடுப்பளவு உயரமுள்ள ஸ்பீக்கர் ஜோடி ஒன்றும் வாங்கியிருந்தார். இரண்டும் தனித்தனியே பெயர் பெற்ற சரக்கு. இரண்டையும் புகழ்ந்து எழுதாத நிபுணர் கிடையாது.

"கேளுங்க சார்!" என்று ஆசையோடு இசைத்தட்டைச் சுழல விட்டார். பாட்டு, ராஜாஜி இயற்றி எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய 'குறை ஒன்றும் இல்லை'. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கத்து ஊர்தான். அந்தப் பெருமையும் நண்பருக்கு உண்டு. ஆனால் நம் காதில் விழுந்ததில் குறை இருக்கத்தான் செய்தது. மெதுவாக வைத்தால் பாட்டில் உயிரில்லை. சற்றுத் தூக்கி வைத்தால் மிருதங்கம் உடைந்த தகரம்போல் சப்தித்தது. நண்பரின் தாயார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம வீட்டுப் பழைய ரேடியோவிலே பாட்டு நல்லாக் கேட்குமே தம்பி! இதுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டார். நண்பரின் முகம் வாடிவிட்டது.

இதற்கு என்ன வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நல்ல மாப்பிள்ளை, நல்ல பெண், ஆனால்...

பெண்ணும் நல்லவள், பிள்ளையும் நல்லவன், ஆயினும் இருவருக்கும் ஒத்துப் போகவில்லை என்று குடும்பங்களில் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆம்ப்ளிபையருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையிலும் அப்படி நேருவதுண்டு. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறவர்கள் இதற்கு இரண்டு பொருத்தமாவது பார்க்க வேண்டும்.

முதல் பொருத்தம், சக்தி. ஒரு ஸ்பீக்கருக்கு ஒரு வாட் மின்சக்தி கொடுத்து, ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்று அளந்து, அதை ஸ்பீக்கரின் குறிப்புத்தாளில் போட்டிருப்பார்கள். நண்பரின் ஸ்பீக்கருக்கு அது 84. சில வகை ஸ்பீக்கர்களுக்கு 95 வரை உண்டு. வித்தியாசம் வெறும் பதினொன்றுதானே என்று நினைத்துவிடக் கூடாது. டெசிபல் கணக்கு வட்டிக்கு வட்டி மாதிரி ஏறுகிறது. சக்தியை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் கூட வேண்டுமானால் சக்தி பத்து மடங்காக வேண்டும். எனவே 95 டெசிபல் ஸ்பீக்கர் 8 வாட்டில் எழுப்பும் 104 டெசிபல் ஒலியை, 84 டெசிபல் ஸ்பீக்கர் எழுப்புவதற்கு 100 வாட் வேண்டும்!

நண்பரின் வால்வு ஆம்ப்ளிபையர் கொடுப்பதோ 8 வாட். சாதாரணமாகப் பாடும்போது அரை வாட்கூடச் செலவாகாது. ஆனால் மிருதங்க வித்வான் ஓங்கி ஓர் அடி அடித்தால், அந்த ஒரு கணத்துக்கு மட்டும் நூறு மடங்கு சக்தி கேட்கும். இல்லாதவன் எங்கிருந்து கொடுப்பான்? அலையின் உச்சி வெட்டுப்பட்டுப் போகிறது. அதைத்தான் நாம் தகரச் சப்தமாகக் கேட்டோம். இது காதுக்கு மட்டும் கெடுதல் அல்ல. ஆம்ப்ளிபையரை இப்படித் திக்குமுக்காட விட்டால், உச்ச ஸ்தாயியைப் பாடும் சிறிய ஸ்பீக்கர் கருகிப் போகவும் கூடும்.

இரண்டாவது பொருத்தம், மின்தடை. '8 ஓம்' என்று ஸ்பீக்கரின் முதுகில் எழுதியிருக்கும். அது சராசரிப் பேச்சுதான். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அது மாறும். சில இடங்களில் 3 ஓமுக்குக்கூட இறங்கிவிடும். நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் இதைப் பொருட்படுத்தாது. வால்வு ஆம்ப்ளிபையருக்கோ தடை ஏறி இறங்குகிற இடமெல்லாம் குரலும் சற்று ஏறி இறங்கும். அதற்காகவே அதன் பின்புறத்தில் 4 ஓம், 8 ஓம் என்று தனித்தனி முனைகள் வைத்திருக்கிறார்கள். எதில் மாட்டுவது என்று கடைக்காரர் நண்பருக்குச் சொல்லவே இல்லை.

வால்வைக் குறை கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். 1954-ல் பெங்களூரில் ஆரம்பித்த பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் செய்த வால்வுகளை இன்றும் வெளிநாட்டார் தேடி வாங்குகிறார்கள். நம் பக்கத்து ஊர்ச் சரக்குக்கு அவ்வளவு கியாதி! வால்வுக்குத் தக்க ஸ்பீக்கர் அமைந்தால் அதன் இனிமையே தனி. அமையாவிட்டால் பணம் வீண்.

எட்டாத எண்கள்

சில பெட்டிகளின் மேல் 'பி.எம்.பி.ஓ. 5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். பெட்டியோ சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். கண நேர உச்சத்தை எப்படியோ கணக்கிட்டு எழுதிய எண் அது. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தியை 'ஆர்.எம்.எஸ்.' என்று தனியே குறிப்பிடுவார்கள். அதைத்தான் பார்க்க வேண்டும். அந்த எண் எங்கும் இல்லையென்றால் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கம்பிகளிலும் இதே கதைதான். பாம்பு பருமனில், தங்க முலாம் பூசி, சம்பளப் பணம் முழுவதையும் கேட்கும் கம்பிகள் விற்கிறார்கள். பத்தடி தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி தாராளமாகப் போதும். நம் காதைக் கண் ஏமாற்றிவிடுகிறது என்பதற்கு ஆதாரமே உண்டு. கனடாவைச் சேர்ந்த ஃபிளாய்டு டூல் என்ற ஆராய்ச்சியாளரும் ஷான் ஆலிவ் என்பவரும் 1994-ல் ஒரு பரீட்சை வெளியிட்டார்கள். ஸ்பீக்கர்களைத் திரை போட்டு மறைத்துக் கேட்கச் செய்தபோது ஜனங்கள் சொன்ன அபிப்பிராயம், திரையை விலக்கியதும் மாறிவிட்டது. பெட்டியின் உருவமும் பெயரும் அவர்கள் தீர்ப்பில் புகுந்துவிட்டன. பழக்கப்பட்ட காதுகளும் இதற்கு விலக்கு அல்ல.

இசைத்தட்டு ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜில் இரண்டு ஜாதி உண்டு. காந்தம் அசையும் வகை சுமார் 5 மில்லிவோல்ட் தரும். சுருள் அசையும் வகை பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்தான் தரும். ஒன்றுக்கு ஏற்ற முன்பெருக்கியில் மற்றொன்றை மாட்டினால், ஒன்று கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும், அல்லது கரகரக்கும். சி.டி.யிலும் செல்போனிலும் பாட்டுக் கேட்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

மூன்றாவது பெட்டி

ஆம்ப்ளிபையர் ஒரு பெட்டி, ஸ்பீக்கர் ஒரு பெட்டி என்றால், மூன்றாவது பெட்டி நாம் உட்கார்ந்திருக்கும் அறை. இதை ஒருவரும் நினைப்பதில்லை. நண்பரின் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. நாலு பக்கமும் சிமெண்டுச் சுவர், மேலே கான்கிரீட், கீழே வழவழப்பான டைல்ஸ். ஒலி வினாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடுகிறது. பத்தடி இடைவெளியுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே அது போய்த் திரும்பும்போது, சுமார் 56 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்று தானே பெரிதாகிக் கும்மென்று முழங்கும். பேஸ் கிதாரின் மூன்றாம் தந்தி பேசுவது 55 ஹெர்ட்ஸில்! இளையராஜா பாட்டுகளில் அந்தத் தந்தி மீட்டப்படும்போதெல்லாம் நண்பரின் ஜன்னல் கம்பி அதிர்ந்ததன் ரகசியம் இதுதான்.

இதற்கு லட்சங்கள் செலவாகா. ஸ்பீக்கர்களைச் சுவரோடு ஒட்டி, மூலையில் தள்ளி வைக்காமல் இரண்டடியாவது முன்னே இழுக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் ஒரு சம முக்கோணத்தின் மூன்று முனைகளில் இருக்க வேண்டும். தரையில் ஒரு பவானி ஜமக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின்சுவரில் புத்தக அலமாரி. இவை எதிரொலியைக் குடித்துவிடும். அடி நாதத்தின் முழக்கத்தை மட்டும் திரைச்சீலை தடுக்காது. நாற்காலியை ஓரடி முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிக்க வேண்டும். 'உம்' என்ற இரைச்சல் தொடர்ந்து கேட்டால், எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் முனையிலிருந்து இணைத்து, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்ப்பது நலம்.

ஒரு மாலை

அன்று மாலையே நண்பர் ஒசூரில் தெரிந்தவரிடமிருந்து 100 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிபையர் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். புகழ் பெற்ற சரக்கு அல்ல. வெறும் கறுப்புப் பெட்டி. ஸ்பீக்கர்களை முன்னே இழுத்தோம். பெட்டியிலிருந்த கல்யாண ஜமக்காளத்தைத் தாயார் எடுத்து விரித்தார். அதே இசைத்தட்டு மறுபடி சுழன்றது. இம்முறை எம்.எஸ். அந்த அறையிலேயே உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. தாயார் அடுப்பை அணைத்துவிட்டு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். ரேடியோவைப் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

நண்பர் செய்த தவறு பெட்டியை வாங்கியதல்ல, வரிசையைத் தலைகீழாக்கியது. முதலில் அறை, பிறகு அறைக்கேற்ற ஸ்பீக்கர், பிறகு ஸ்பீக்கருக்கேற்ற ஆம்ப்ளிபையர், கடைசியில்தான் மற்றதெல்லாம். நூறு ரூபாய் கையிலிருந்தால் ஐம்பதை ஸ்பீக்கருக்கு ஒதுக்கலாம், இருபத்தைந்தை ஆம்ப்ளிபையருக்கு ஒதுக்கலாம் என்பது நமது அபிப்பிராயம்.

வியாபாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். சேலை வாங்க வருபவளுக்குப் பத்துச் சேலை பிரித்துப் போடுகிறோம். லட்ச ரூபாய் சாமான் வாங்க வருபவரிடம், "உங்கள் அறை எத்தனை அடி? வீட்டில் என்ன ஸ்பீக்கர் இருக்கிறது?" என்று இரண்டு கேள்வி கேட்பது பெரிய காரியமா? ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுத்தால் விற்பனை குறையாது; நம்பிக்கைதான் வளரும். நாள் முழுவதும் மில்லிமீட்டரை நூறாகப் பங்கிட்டு உறுப்புக்கு உறுப்பு பொருத்துகிற தொழிலாளிக்கு, தன் பணத்தில் வாங்கும் சாமானின் பொருத்தத்தை விளக்கிச் சொன்னால் புரியாமல் போகாது.

கடைசியாக ஒன்று. உத்தனப்பள்ளியில் சுவரோடு சுவராக ஒட்டிய வாடகை வீடுகள் ஏராளம். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் உறங்குவார். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு கட்டியிருக்கின்றன. விதி கிடக்கட்டும், அடுத்த வீட்டுக்காரர் மறுபடி மெஷின் முன் நிற்க வேண்டியவர் என்ற நினைவு இருந்தால் போதும். நன்றாகப் பொருந்திய பெட்டி மெதுவாக வைத்தாலும் நன்றாகவே பாடும். அன்று விடைபெறும்போது பார்த்தோம். சுவருக்கு அப்பால் யாரோ இருமும் சப்தம் கேட்டது. நண்பர் எழுந்து போய், சொல்லாமலே, ஒலியைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பாட்டு ஒரு சங்கதிகூடக் குறையாமல் தொடர்ந்தது.