பழகிய பெயரில் ஒரு மடல்

மெத்தப் படித்தோர் ஏமாறார் என்றெண்ணும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. லித்துவேனியா நாட்டினன் ஒருவன், தைவானின் குவாண்டா நிறுவனத்தின் பெயரிலேயே லாத்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தான். பின்னர் 2013 முதல் 2015 வரை கூகிள், ஃபேஸ்புக் அலுவலகங்களுக்கு அப்பெயரில் மின்னஞ்சல்களும் பொய் விலைப்பட்டியல்களும் அனுப்பினான். குவாண்டாவோடு அவ்விரண்டும் உண்மையாகவே வணிகம் செய்துவந்தமையால் ஊழியர் ஐயுறவில்லை. 10 கோடி டாலருக்கு மேல் அவன் கைக்குச் சென்றது. 2019-இல் நியூயார்க் நீதிமன்றம் அவனுக்கு 5 ஆண்டுச் சிறை விதித்தது.

கணக்கெழுதும் அன்பர்களே, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இன்றே பணம் அனுப்புக" என்று மடல் வந்தால், அதற்கே மறுமொழி எழுதி விசாரிக்காதீர்கள், அது கள்வனிடமே போய்ச் சேரக்கூடும். பழைய கோப்பிலுள்ள தொலைபேசி எண்ணில் கேளுங்கள். அனுப்பியவர் முகவரியை எழுத்தெழுத்தாய்ப் படியுங்கள். ஆங்கில 'எம்' நிற்கவேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நிற்கலாம். (என் மூக்குக்கண்ணாடிக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன!) மேலதிகாரியின் பெயரில் அவசரக் கட்டளை வந்தால், எழுந்து அவர் அறைக்கே சென்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை.

பணம் போய்விட்டதா? வேலை போய்விடுமென்று அஞ்சி மறைப்போரே மிகுதியும் இழக்கின்றனர். 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். கள்வன் எடுக்குமுன் வங்கி அதை நிறுத்திவைக்க வழியுண்டு.