இடது பக்கம் திரும்பவும்

நண்பன் ஒருவன் பொம்மையார்பாளையத்தில் கடலோரமாக ஒரு மாடி வீடு வைத்திருக்கிறான். சனி, ஞாயிறுகளில் வாடகைக்கு விடுவான். போன மாதம் மச்சினன் கல்யாணம் என்று கிளம்பியவன், "டேய், ரெண்டு நாள் நீ பாத்துக்கோ. கெஸ்ட் வருவாங்க. வழி சொல்லணும், சாவி குடுக்கணும். அவ்வளவுதான்" என்றான்.

யாராவது 'அவ்வளவுதான்' என்றால் உஷாராகிவிட வேண்டும். எனக்கோ திமிர். வருஷக்கணக்காக எழுதிப் பிழைக்கிறவன், மூன்று வரி வழி எழுத முடியாதா? எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: 'கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரவும். பொம்மையார்பாளையம் வந்ததும் இடது பக்கம் திரும்பவும். கடைசி வீடு.' ஆஹா, திருக்குறள் மாதிரி சுருக்கம் என்று நானே மெச்சிக்கொண்டேன்.

இரவு ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"சார், இடது பக்கம் திரும்பிட்டோம். ஒரே செம்மண் ரோடா இருக்கு."

"அங்கே என்ன தெரியுது?"

"இருட்டு தெரியுது சார்."

"கடல் சத்தம் கேக்குதா?"

"தவளை சத்தம்தான் கேக்குது. பாட்டி வேற பயப்படறாங்க. சுகர் பேஷன்ட். எட்டு மணிக்கே சாப்பிட்டிருக்கணும்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் சென்னைவாசி. நான் புதுச்சேரிக்குப் போகும்போதெல்லாம் கடல் இடது பக்கம்தான் வரும். உலகத்துக்கே கடல் இடது பக்கம்தான் என்று நினைத்துவிட்டேன். இவர்களோ சேலத்துக்காரர்கள். விழுப்புரம், புதுச்சேரி வழியாக வடக்கே ஏறி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கடல் வலது பக்கம். சொன்ன பேச்சைக் கேட்டு இடது பக்கம் திரும்பி, நேராக ஆரோவில் காட்டுப்பக்கம் போய்விட்டார்கள்!

மேப் இல்லையா என்பீர்கள். இருந்தது. ஆனால் இந்த ஊரை பொம்மையார்பாளையம், பொம்மையபாளையம், பொம்மயாபாளையம் என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். போதாக்குறைக்கு, நண்பன் விளம்பரத்தில் 'பாண்டிச்சேரி பீச் ஹவுஸ்' என்று போட்டிருந்தான். உண்மையில் ஊர் இருப்பது தமிழ்நாட்டில், விழுப்புரம் மாவட்டத்தில். சென்னையிலிருந்து வந்தால் மரக்காணம் உப்பளம் தாண்டியதும் கனகசெட்டிகுளம், காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி எல்லாம் புதுச்சேரி. அப்புறம் பொம்மையார்பாளையம், கோட்டக்குப்பம் தமிழ்நாடு. மறுபடி புதுச்சேரி. தாயக்கட்டத்தில் காய் நகர்த்துவது போலத்தான்.

பதறிக்கொண்டு தெரு முனைக்கு ஓடினேன். இட்லிக் கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஆயா, "என்னா தம்பி?" என்றார். சொன்னேன். போனை வாங்கினார். நான் கேட்காத ஒரு கேள்வியை முதலில் கேட்டார்.

"கண்ணு, நீ எந்தப் பக்கமிருந்து வந்தே?"

"பாண்டிப் பக்கமிருந்து, பாட்டி."

"பயப்படாதே. வண்டியைத் திருப்பி, வந்த வழியே வா. பெரிய தார் ரோடு வரும். அதைத் தாண்டி நேரா இறங்கு. உப்புக் காத்து அடிக்கும், மீன் வாசம் வரும். முனையில நான் டார்ச் அடிச்சிக்கிட்டு நிக்கிறேன்."

கால் மணியில் கார் வந்துவிட்டது. பாட்டிக்கு நாலு இட்லி கட்டிக் கொடுத்தார் ஆயா. காசு வாங்கவில்லை.

வீட்டு வாசலில் அடுத்த சோதனை. உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்துப் போயிருந்தது. கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால்தான் சாவி திரும்பும். இந்த ரகசியம் நண்பனுக்கு மட்டும் தெரியும். தேங்காய் எண்ணெய் விட்டு ஒருவழியாகத் திறந்தோம். உள்ளே வந்ததும் பாட்டி கேட்ட முதல் கேள்வி, "பாத்ரூம் எங்கப்பா?" இரண்டாவது, "லைட் சுவிட்ச் எது?" மூன்றாவது, "குடிக்கத் தண்ணி?" நண்பன் சுவரில் ஒட்டியிருந்த இருபது விதிகளில் இந்த மூன்றுக்கும் பதில் இல்லை. 'சத்தம் போடக் கூடாது' மட்டும் இரண்டு தடவை இருந்தது.

காலையில் பேரன் கேட்டான்: "அங்கிள், போட்டோவுல இருந்த மணல் எங்கே?"

நல்ல கேள்வி. 1980-களின் கடைசியில் புதுச்சேரி துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் மறித்ததும் வடக்கே வர வேண்டிய மணல் வருவது குறைந்துவிட்டது. அலை மட்டும் தவறாமல் வந்து, இருந்ததையும் கொண்டுபோயிற்று. இப்போது பல இடங்களில் கல்தான் கொட்டிக் கிடக்கிறது. நண்பனின் போட்டோ பழசு.

ஆயாவிடம் இதைச் சொன்னபோது கடலைக் கை காட்டினார். "அதோ, அந்தப் படகு நிக்குதே, அங்கதான் எங்க வூடு இருந்திச்சி."

எனக்குப் பேச்சு வரவில்லை. தன் வீடே தண்ணீருக்குள் போய்விட்டது. அவர்தான் ராத்திரியில் டார்ச்சோடு நின்று ஊரான் வீட்டுக்கு வழி காட்டுகிறார்.

தபால் இலாகா 1972-ல் பின்கோடு கொண்டுவந்தது. 2025 மே மாதத்தில் 'டிஜிபின்' என்று பத்து எழுத்து முகவரி அறிமுகம் செய்திருக்கிறது. நாடு முழுவதையும் சுமார் நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் கட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். திண்ணைக்கு ஒன்று, கொல்லைக்கு ஒன்று! உபயோகமானதுதான், நானும் அனுப்பப் போகிறேன். ஆனால் 'எந்தப் பக்கமிருந்து வர்றே கண்ணு' என்று அது கேட்காது.

வீட்டை வாடகைக்கு விடுகிறவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வழி எழுதுமுன் எங்கிருந்து வருகிறார்கள் என்று கேளுங்கள். இடது, வலது மட்டும் எழுதாமல் 'கடல் பக்கம்' என்றும் சேருங்கள். மேப் புள்ளியை நீங்களே வாசலில் நின்று அனுப்புங்கள். திருப்பத்தைப் பகலில் ஒன்று, இரவில் ஒன்று போட்டோ எடுத்து அனுப்புங்கள். சாவி, பாத்ரூம், சுவிட்ச், தண்ணீர் இந்த நாலையும் முதலில் சொல்லுங்கள். புதுச்சேரியில் வாங்கும் பாட்டிலோடு எல்லை தாண்டினால் தமிழ்நாட்டில் வழக்கு என்பதையும் காதில் போட்டுவையுங்கள். வெளிநாட்டுக்காரர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு ஆன்லைனில் தகவல் தர வேண்டும், அது சட்டம். மணல் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

நண்பன் திங்கட்கிழமை போன் செய்தான். "டேய், என்னடா பண்ணினே? அந்தப் பாட்டி பொங்கலுக்குத் திரும்பவும் வர்றேன்னு சொல்றாங்க. வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. இட்லி ஆயா நல்லா இருக்காங்களான்னு கேட்டாங்க."

நான் எழுதிய 'திரும்பவும்' அவர்களைக் காட்டுக்கு அனுப்பியது. பாட்டி சொன்ன 'திரும்பவும்' ஆயாவுக்குச் சேர வேண்டியது.