வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் எதற்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் சாயங்காலம் எங்கள் தெருப் பெண் ஒருத்தி வாசலில் வந்து நின்றாள். அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. "டீச்சர், உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? வீட்டுப்பாடம் குரூப்புல போட்டிருக்காங்களாம்."

அவள் அப்பா போர்வெல் வண்டியில் ஆந்திரா பக்கம் போயிருக்கிறார். வீட்டின் ஒரே போன் அவரோடு போய்விட்டது. அம்மா கூலிக்கு முறுக்கு சுற்றுகிறவர். லீவுக்கு வந்தால் ஆட்டையாம்பட்டி கை முறுக்கு இல்லாமல் நீங்கள் ஊர் திரும்புவதில்லையே, அந்த முறுக்குதான். நான் அந்தக் குரூப்பில் இல்லை. இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் சொல்லி, அவர் அனுப்பி, படம் வந்து சேர மணி ஏழரை. முதல் நாள் எழுதாமல் போனதற்கு வகுப்புக்கு வெளியே நின்றாளாம்.

எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். இப்போது பல இடங்களில் இதுதான் பழக்கம்.

நானும் இதைச் செய்தவள்தான். 2020 மார்ச்சில் பள்ளியை மூடினோம். எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1. என் வகுப்பில் 34 பேர், குரூப்பில் சேர்ந்தது 19 எண்கள். மீதி 15 பேருக்கு நான் என்ன நடத்தினேன்? ஒன்றுமில்லை. அன்று வேறு வழி இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். இன்று பள்ளி திறந்திருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது. இன்னும் எதற்கு வாட்ஸ்அப்?

"இப்ப எல்லார் வீட்லயும் போன் இருக்கே டீச்சர்" என்பான் பெங்களூரில் இருக்கும் என் மாணவன். வீட்டில் இருப்பது வேறு, பிள்ளை கைக்கு வருவது வேறு தம்பி. 2021-ல் ஏசர் அமைப்பு நாடு முழுக்கக் கிராமங்களில் கணக்கெடுத்தது. ஸ்மார்ட்போன் உள்ள வீடுகளிலேயே 26 சதவீதப் பிள்ளைகளுக்கு அது படிக்கக் கிடைக்கவில்லை. போனே இல்லாத வீடுகள் இந்தக் கணக்கில் சேராது.

2009-ம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டம், 3-வது பிரிவை எடுத்துப் பாருங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை, படிப்பைத் தடுக்கக்கூடிய கட்டணமோ செலவோ பிள்ளை தலையில் விழக்கூடாது. போனும் மாதாமாதம் ரீசார்ஜும் செலவு இல்லையா? ரசீது போடாமல் வாங்குகிற பீஸ்தான் இது. சோற்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் பாடம் என்று காமராசர் சொல்லவில்லையே!

2011-ல் தொடங்கி மேல்நிலை மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள், பிறகு நின்றது. 2025 பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு என்று அறிவித்தார்கள். சந்தோஷம். ஆனால் ஏழாம் வகுப்பிலேயே வெளியே நிற்கிறவள் கல்லூரி வரை வந்தால்தானே கை நீட்டி வாங்குவாள்?

என் மாணவர்களில் ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப் போடுங்கள். கம்ப்யூட்டர் அறை இருக்கும் பள்ளி என்றால் மணி அடித்ததும் பூட்டாமல் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். இதற்கு ஜி.ஓ. வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கோபம் வந்தவர்கள் கமெண்டில் திட்டலாம். ஆறு மணிக்கு மேல் பதில் வராது. போன் அந்தப் பிள்ளையிடம் இருக்கும்.