மருத்துவப் பதிவில் நாம் இருக்கிறோமா? இந்தியச் சமூகத்துக்கு அது ஏன் முக்கியம்?

இரவு மணி 11. மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவு. படுக்கையில் அப்பா. பக்கத்தில் மகன்.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று மருத்துவர் கேட்கிறார். மகனுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: "பிரஷருக்கு ஒரு வெள்ளை மாத்திரை, சுகருக்கு ரெண்டு. போன மாசம் வீட்டுக்குக் கீழ இருக்கிற கிளினிக்ல புதுசா ஏதோ கொடுத்தாங்க. பேரு ஞாபகம் இல்ல."

பல வீடுகளுக்குப் பழக்கமான காட்சிதான். அந்தப் "பேரு ஞாபகம் இல்ல" என்ற இடத்தில்தான் மருத்துவத் தகவல் என்ற பெரிய விவகாரம் தொடங்குகிறது.

அப்பாவின் சிகிச்சைக்கு அந்தத் தகவல் வேண்டும். அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோரின் தகவல் ஒன்றுசேர்ந்தால் அது ஆய்வுக்கும் உதவும். ஆனால் அதே தகவல் தவறான கைகளுக்குப் போனால்?

சிங்கப்பூர் இந்தியர்களுக்கு இந்தக் கேள்வி சற்றுக் கூடுதலாகவே பொருந்தும். ஏன்?

ஒருவருக்கு ஒரே பதிவு... முடியுமா?

தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேடு 2011-இல் தொடங்கியது. ஒருவருக்கு இருக்கும் நோய்கள், அவர் உட்கொள்ளும் மருந்துகள், ஒவ்வாமை, ரத்தப் பரிசோதனை முடிவுகள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது எழுதப்படும் குறிப்பு... இவற்றை வெவ்வேறு மருத்துவமனைகளும் மருந்தகங்களும் பார்க்க அது வழிசெய்கிறது.

பொது மருத்துவமனைகளும் பலதுறை மருந்தகங்களும் அதில் தகவல் சேர்க்கின்றன. தனியார் மருந்தகங்களுக்கு நெடுங்காலமாக அந்தக் கட்டாயம் இல்லை. பல மருந்தகங்கள் சேரவும் இல்லை. அதனால்தான் வீட்டுக்குக் கீழே உள்ள கிளினிக் கொடுத்த புது மாத்திரை, அவசரப் பிரிவு மருத்துவரின் திரையில் தெரியாமல் போகலாம்.

2025 நவம்பரில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட சுகாதாரத் தகவல் மசோதா அந்த இடைவெளியை அடைக்கும் நோக்கில் கொண்டுவரப்பட்டது. உரிமம் பெற்ற சுகாதாரப் பராமரிப்பு நிலையங்கள் நோயாளிகளின் முக்கியத் தகவல்களைப் பதிவேட்டில் சேர்ப்பது கட்டாயமாகவேண்டும் என்பதே அதன் மையம்.

"என் டாக்டருக்குத் தெரிஞ்சா போதாதா, ஊருக்கே எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குமுன், தகவல் சிகிச்சையை எப்படி மாற்றியது என்பதற்கு ஓர் உதாரணம்.

ஒரு மாத்திரை... ஒரு மரபணு

கார்பமசெபைன் என்பது வலிப்பு நோய்க்கும் முக நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் மருந்து. பெரும்பாலோருக்கு அது நல்ல மருந்து. ஆனால் மிகச் சிலருக்கு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் எனும் கொடிய ஒவ்வாமையை ஏற்படுத்தும். தோல் கொப்பளித்து உரியும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

யாருக்கு வரும் என்று முன்பு யாராலும் சொல்லமுடியவில்லை.

2004-இல் தைவான் ஆய்வாளர்கள் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தனர். அந்த மருந்தால் பாதிக்கப்பட்ட 44 நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். 44 பேரிடமும் எச்எல்ஏ-பி 1502 என்ற ஒரே மரபணு மாறுபாடு இருந்தது. மருந்தைத் தாங்கிக்கொண்டவர்களில் 100-இல் 3 பேரிடம்தான் அது இருந்தது.

அந்த மாறுபாடு ஐரோப்பியரிடம் மிக அரிது. சீனர்கள், மலாய்க்காரர்கள், தென்கிழக்காசிய மக்கள் பலரிடம் அது உண்டு. இந்தியரிடம் குறைவு; ஆனால் இல்லாமல் இல்லை. ஐரோப்பியரை மட்டும் ஆராய்ந்திருந்தால் இந்தத் தொடர்பு கண்ணில் படாமலேயே போயிருக்கலாம்.

2013-இல் சிங்கப்பூர் ஒரு முடிவெடுத்தது. ஆசிய வம்சாவளியினர் ஒருவருக்கு முதன்முறையாகக் கார்பமசெபைன் கொடுக்கும் முன் அந்த மரபணுவைப் பரிசோதிப்பது வழக்கமான சிகிச்சைமுறையின் ஓர் அங்கமானது. அதன் பிறகு அந்த மருந்தால் ஏற்படும் கடும் தோல் பாதிப்புகள் பெரிதும் குறைந்தன.

இதில் கவனிக்கவேண்டியது வரிசை. ஒரு மருத்துவர் பக்கவிளைவைப் பதிவு செய்கிறார். அத்தகைய பதிவுகள் சேர்ந்து ஒரு போக்கைக் காட்டுகின்றன. ஆய்வு காரணத்தைத் தேடுகிறது. பிறகு விதிமுறை மாறுகிறது. முதல் பதிவு இல்லையென்றால் மற்ற எதுவும் இல்லை.

'சராசரி' என்பது யாருடைய சராசரி?

மரபணுவையும் நோயையும் தொடர்புபடுத்தும் உலக ஆய்வுகளில், 2018 நிலவரப்படி, பங்கேற்றவர்களில் சுமார் 78 விழுக்காட்டினர் ஐரோப்பிய வம்சாவளியினர். உலகிலேயே மக்கள்தொகை அதிகமான கண்டம் ஆசியா. ஆனால் அதன் பங்கு சுமார் 10 விழுக்காடு மட்டுமே.

யாரைப் பற்றித் தகவல் இருக்கிறதோ, அவருக்கே மருத்துவக் கணிப்பு நன்றாகப் பொருந்தும்.

உடல் எடைக் குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண் அது. உலக அளவில் 25-க்கு மேல் போனால்தான் 'எடை அதிகம்'. ஆனால் அதைவிடக் குறைந்த அளவிலேயே ஆசியர்களுக்கு நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுவது ஆய்வுகளில் தெரியவந்தது. அதனால் சிங்கப்பூரில் 23-லேயே எச்சரிக்கை தொடங்குகிறது. 27.5-ஐத் தொட்டால் அதிக அபாயம்.

"நான் ஒண்ணும் குண்டு இல்லையே" என்று சொல்பவருக்கும் மருத்துவர் சர்க்கரைப் பரிசோதனை எழுதிக்கொடுப்பது அதனால்தான்.

இந்தியர்களுக்கு நீரிழிவு அதிகம் என்பதும் ஊகம் அல்ல. 2010 தேசிய சுகாதாரக் கருத்தாய்வில், 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர்வாசிகளில் நீரிழிவு உள்ளோர் விகிதம் இது:

- இந்தியர்: 17.2%
- மலாய்க்காரர்: 16.6%
- சீனர்: 9.7%

ஒட்டுமொத்த விகிதம் 11.3%. அந்த ஒரே எண்ணை மட்டும் பார்த்திருந்தால், ஆறு இந்தியரில் ஒருவருக்கு நீரிழிவு என்ற உண்மை அதற்குள் மறைந்துபோயிருக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் 9 விழுக்காடு. சிறிய சமூகத்தின் நிலை பெரிய சராசரிக்குள் எளிதில் கரைந்துவிடும்.

மரபணு ஆய்விலும் இதே கதைதான். சிங்கப்பூர் ஆய்வாளர்கள் 4,810 பேரின் முழு மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டனர். அதில் 2,780 சீனர், 1,127 இந்தியர், 903 மலாய்க்காரர். கண்டறியப்பட்ட மாறுபாடுகளில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை பதிவாகாதவை. அந்த முயற்சி இப்போது 100,000 பேரை உள்ளடக்கும் திட்டமாக விரிந்துள்ளது.

இருந்தாலும் ஒரு சந்தேகம் இங்கே எழவேண்டும். 'இந்தியர்' என்ற ஒரே சொல்லுக்குள் தமிழர், மலையாளி, பஞ்சாபி, குஜராத்தி எல்லாரும் இருக்கிறார்கள். உணவு வேறு, வம்சாவளி வேறு. எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை அந்த வேறுபாடுகளை ஆய்வால் பிரித்துப் பார்க்கமுடியாது. கூடுதலானோர் பங்கெடுத்தால்தான் அது சாத்தியம்.

உங்கள் தகவல் உங்களுடையது மட்டுமா?

சிலருக்குக் கெட்ட கொழுப்பு இளவயதிலேயே மிக அதிகமாக இருக்கும். உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் குறையாது. பரம்பரையாக வரும் இந்த நிலையைக் கண்டறிய, 2025 ஜூன் இறுதியில் சிங்கப்பூரில் தேசிய மரபணுப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது.

ஒருவருக்கு அந்த மரபணு மாற்றம் இருப்பது தெரிந்தால், அவருடைய உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் அது இருக்கும் வாய்ப்பு பொதுவாக 50 விழுக்காடு. ஆகவே அவர்களும் பரிசோதனைக்கு அழைக்கப்படுகிறார்கள். முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரையால் கட்டுப்படுத்தலாம், மாரடைப்பைத் தவிர்க்கலாம்.

மருத்துவ ரீதியில் எளிதான விஷயம். வீட்டுக்குள் அவ்வளவு எளிதல்ல. "கல்யாணம் பேசற நேரத்துல இதெல்லாம் எதுக்குச் சொல்லணும்?" என்ற குரல் எழக்கூடும். அண்ணனுக்கு வந்த முடிவு தங்கைக்குச் சொல்லப்படாமலேயே இருந்தால், தகவல் இருந்தும் பயனில்லை.

பெயரை நீக்கினால் போதுமா?

மறைக்கத் தோன்றுவதற்கும் காரணம் இருக்கிறது. 2018-இல் சிங்ஹெல்த் மீது நடந்த இணையத் தாக்குதலில் 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி உள்ளிட்ட விவரங்கள் திருடப்பட்டன. அவர்களில் சுமார் 160,000 பேருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளின் விவரமும் போனது. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் அவர்களில் ஒருவர்.

அடுத்த ஆண்டு ஜனவரியில் இன்னொரு அதிர்ச்சி. எச்ஐவி கிருமி தொற்றிய 14,200 பேரின் விவரங்கள் இணையத்தில் கசிந்தது தெரியவந்தது.

சிங்ஹெல்த் சம்பவத்தில் இரு நிறுவனங்களுக்கு மொத்தம் 1 மில்லியன் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. தேசியப் பதிவேட்டில் தகவல் சேர்ப்பதைக் கட்டாயமாக்கும் திட்டமும் அப்போது தள்ளிவைக்கப்பட்டது. 2025 மசோதா இத்தனை ஆண்டு கழித்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆய்வுக்குத் தகவல் கொடுக்கும்போது பொதுவாகப் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நீக்கிவிடுவார்கள். ஆனால் சிறிய சமூகத்துக்கு அது எப்போதும் போதாது. அரிய நோய், 40களில் உள்ள தமிழ்ப் பெண், குறிப்பிட்ட ஒரு பேட்டை... இந்த மூன்றும் சேர்ந்தால் பெயர் எதற்கு? தெரிந்தவர்கள் யூகித்துவிடுவார்கள். பெரிய கூட்டத்தில் ஒருவர் மறைந்துகொள்ளலாம். சிறிய கூட்டத்தில் அது கடினம்.

சிக்கல் இதுதான்: ஆய்வில் இடம்பெறவேண்டிய தேவை சிறுபான்மையினருக்கே அதிகம். தகவல் வெளியானால் அடையாளம் தெரிந்துவிடும் அபாயமும் அவர்களுக்கே அதிகம். "பாதுகாப்பா இருக்கும், கவலைப்படாதீங்க" என்று பொதுவாகச் சொல்வது போதாது. சின்னச் சின்னக் குழுக்களின் விவரங்களை எப்படித் தொகுப்பார்கள், யார் பார்ப்பார்கள் என்பதை விளக்கிச் சொல்லவேண்டும்.

மசோதாவில் என்ன பாதுகாப்பு?

- நோயாளியின் பராமரிப்புக்காகவே மருத்துவர்கள் பதிவேட்டைப் பார்க்கவேண்டும். வேலைக்கு ஆளெடுக்கவோ காப்புறுதி விண்ணப்பத்தை மதிப்பிடவோ அதைப் பயன்படுத்தக்கூடாது.
- தம் பதிவை மற்ற நிலையங்கள் பார்ப்பதை நோயாளி கட்டுப்படுத்தலாம். ஆனால் தகவல் பதிவேட்டில் சேர்வது நிற்காது. உயிருக்கு ஆபத்தான அவசர நேரத்தில் மருத்துவர் அதைப் பார்க்க இடமுண்டு.
- எச்ஐவி, பாலியல் நோய்கள், சில மனநோய்கள் போன்ற தகவல்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு.

மரபணுப் பரிசோதனைக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. 2021-இல் சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, காப்புறுதி வாங்க வருபவரை மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளும்படி நிறுவனங்கள் வற்புறுத்தக்கூடாது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. மருத்துவர் பார்க்கும் பதிவேடு வேறு, நீங்கள் விரும்பிச் சேரும் ஆய்வு வேறு. உடலோடு தொடர்புடைய உயிர்மருத்துவ ஆய்வுகளை 2015-இல் நிறைவேறிய தனிச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சம்மதம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் ஆகியவை அதன் அடிப்படை.

கையெழுத்துப் போடும் முன்...

ஆய்வில் சேரும்படி மருத்துவமனையிலோ பலதுறை மருந்தகத்திலோ உங்களைக் கேட்டால், உடனே தலையாட்டவும் வேண்டாம், உடனே மறுக்கவும் வேண்டாம். இவற்றைக் கேளுங்கள்:

- என் ரத்த மாதிரியும் தகவலும் எத்தனை ஆண்டு வைத்திருக்கப்படும்?
- வெளிநாட்டு ஆய்வாளர்களோ நிறுவனங்களோ அதைப் பார்ப்பார்களா?
- எனக்கோ என் குடும்பத்துக்கோ ஆபத்தான ஒன்று தெரியவந்தால் சொல்வீர்களா?
- பின்னர் விலகினால் ஏற்கனவே கொடுத்த தகவல் என்னவாகும்?

அம்மா, அப்பாவுக்கு ஆங்கிலப் படிவம் புரியவில்லை என்றால் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். புரியாமல் போட்ட கையெழுத்து சம்மதம் ஆகாது.

எந்தப் பதிவேட்டிலும் இல்லாதது

மீண்டும் அந்த அவசரப் பிரிவுக்கு வருவோம். நாளை எல்லா மருந்தகங்களும் பதிவேட்டில் சேர்ந்துவிட்டாலும், சென்னைக்குப் போனபோது மருந்துக் கடையில் வாங்கி வந்த மாத்திரை அதில் இருக்காது. ஜொகூர் பாருவில் வாங்கியதும் இருக்காது. வீட்டில் காய்ச்சிக் குடிக்கும் மூலிகைக் கஷாயமும் இருக்காது. இவற்றில் சில, மருத்துவர் கொடுக்கும் மருந்தோடு ஒத்துப்போகாமல் போகலாம்.

இதற்குச் சட்டம் தேவையில்லை. இன்றிரவே அப்பாவின் மருந்துப் பொட்டலங்களை மேசையில் பரப்பி, பெயர் தெரியும்படி கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவைக்கலாம். ஒவ்வாமை ஏதும் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, ஊரிலிருந்து வந்த மாத்திரையையும் மறைக்காமல் காட்டச் சொல்லுங்கள்.