நீல டிக் விழுந்தால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா?

வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்ததும் 'சொல்லியாச்சு' என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். செய்தியைத் திறந்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் அந்த டிக்குக்குத் தெரியும். எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது தெரியாது. இந்த வித்தியாசத்தின் விலை என்ன என்று, ஆரணிப் பட்டு நெய்யும் தேசூர் போன்ற ஊர்களின் தறிகளைப் பார்த்தால் புரியும்.

ஒரு கல்யாணப் பட்டுக்கான ஆர்டர் எத்தனை பேரைத் தாண்டிப் போகிறது பாருங்கள். மணப்பெண் கடையில் சொல்கிறார். கடைக்காரர் ஜவுளி முதலாளியிடம் சொல்கிறார். அவர் சாயம் போடுபவருக்கும் நெசவாளருக்கும் சொல்கிறார். இப்போது நடுவில் செல்போன் போட்டோவும் வந்துவிட்டது.

போட்டோ சொல்லாத நிறம்

'மயில் கழுத்து' கலரையே எடுத்துக்கொள்வோம். பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். சேலையை அசைத்தால் இரண்டும் மாறி மாறி மின்னும். போட்டோவில் அந்த மின்னல் வராது. போதாததற்கு, ஒவ்வொரு போன் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

2015 பிப்ரவரியில் இணையமே சண்டை போட்ட அந்த கவுன் ஞாபகம் இருக்கிறதா? ஒரே போட்டோதான். சிலருக்கு வெள்ளையும் தங்கமும், சிலருக்கு நீலமும் கறுப்பும் தெரிந்தது. நிஜத்தில் அது நீலம், கறுப்பு. அந்தச் சண்டை சிரிப்போடு முடிந்தது. தறியில் அப்படி முடியாது. பாவு ஏற்றிய பிறகு நிறத்தை மாற்ற முடியாது. 'நான் கேட்டது இது இல்லையே' என்று சேலை திரும்பி வந்தால், பல நாள் உழைப்பு கேள்விக்குறியாகிவிடும்.

மூன்று கேள்விகள்

தகவல் தொடர்பு பற்றி கிளாட் ஷானன் 1948-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, அடுத்த ஆண்டு வாரன் வீவரின் விளக்கத்தோடு நூலாக வந்தது. 'வீவர்' என்றாலே நெசவாளர்தான்! அவர் கேட்ட கேள்விகள் மூன்று. செய்தி சேதமில்லாமல் போய்ச் சேர்ந்ததா? நினைத்த அர்த்தத்திலேயே புரிந்ததா? எதிர்பார்த்த காரியம் நடந்ததா?

நீல டிக் முதல் கேள்வியோடு நின்றுவிடும். இரண்டாவதற்கு நம் பழைய கலர் பெயர்கள் கைகொடுக்கும். கத்தரிப்பூ, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் எல்லாம் சொல்பவரும் கேட்பவரும் கண்ணால் பார்த்தவை. 'லைட்டா ஒரு பிங்க்' என்றால் ஆளுக்கொரு பிங்க்.

இத்தனையையும் தாண்டிய பெரிய தடை, தயக்கம். 'திரும்பக் கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ' என்ற பயத்தில், கூலிக்கு நெய்பவர் முதலாளியிடம் 'சரிங்க' என்று சொல்லிவிடலாம். டாக்டர் முன்னால் தாத்தாவும், மேனேஜர் முன்னால் புதுசாகச் சேர்ந்தவரும் சொல்வது அதே 'சரிங்க'தான்.

என்ன செய்யலாம்?

விமானக் கட்டுப்பாட்டு அறை சொல்லும் முக்கியமான உத்தரவுகளை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. பட்டில் அந்த வேலையைச் செய்வது சாயம் ஏற்றிய ஒரு துண்டு நூல். பாவு ஏறும் முன் அதைப் பகல் வெளிச்சத்தில் இரண்டு பேரும் பார்த்துவிட்டால் வம்பே இல்லை.

வீட்டிலும் 'புரிஞ்சுதா?' என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். 'நான் சரியா சொன்னேனான்னு தெரியல, நீங்க ஒரு தடவை சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள். அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் முதலில் கேட்க வேண்டும். எதிரில் இருப்பவரின் தயக்கம் அப்போதுதான் உடையும்.